ஒரே டிஸ்க், இரண்டு கணினி

கல்யாண வீடியோ வந்த ஹார்ட் டிஸ்க், வீட்டு விண்டோஸ் கணினியில் திறக்கிறது. மகளின் மேக்கிலும் படம் ஓடுகிறது. ஆனால், அதில் புதிதாக ஒரு புகைப்படம் சேர்க்க மேக் விடுவதில்லை. டிஸ்க் கெட்டுவிடவில்லை. அது என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் முறையில் இருக்கிறது. மேக் அதைப் படிக்கும், எழுதாது. பழைய ஃபேட்32 முறையை இரண்டும் ஏற்கும். ஆனால், 4 ஜிபியைத் தாண்டும் கோப்புக்கு அதில் இடமில்லை. நம் கல்யாண வீடியோ அதற்குள் அடங்குமா, என்ன!

கைகொடுப்பது எக்ஸ்ஃபேட். 2006இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது, மேக்கும் எழுதும். 2019இல் அதன் நுட்ப விவரங்களை வெளியிட்டதும், அதே ஆண்டில் லினக்ஸும் சேர்த்துக்கொண்டது. போட்டியாளர்கள் மனம் வைத்தால் முடிகிறதே! திரையின் அழகில் போட்டி போடட்டும். கோப்பு வைக்கும் முறை எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்பேன்.

புது டிஸ்க்கை முதலிலேயே எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்துவிடுங்கள். பழையது என்றால், படங்களை வேறிடத்தில் நகலெடுத்த பிறகுதான். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும்.