'பூமிபுத்ரா'வும் 'ஹைமாட்ஓர்ட்'டும்: மண்ணுரிமை குறித்த இரு சொற்கள்

ஒருவர் ஒரு மண்ணுக்கு உரியவர் என்பதை உணர்த்தும் சொற்கள் அகராதியோடு நின்றுவிடுவதில்லை. ஆட்சியிலும் சட்டத்திலும் புகுந்து உரிமைகளை வரையறுக்கின்றன. மலாய் மொழியின் 'பூமிபுத்ரா', சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் வழக்கிலுள்ள 'ஹைமாட்ஓர்ட்' ஆகிய இரண்டும் அத்தகையன. இரண்டும் புலம்பெயர்ந்த தமிழரின் வாழ்வைத் தொடுபவை.

'பூமிபுத்ரா' என்பது நிலத்தையும் மகனையும் குறிக்கும் இரு வடசொற்களின் கூட்டு. தமிழில் 'மண்ணின் மைந்தர்' என்பது இதற்கு நேரானது. மலாய் மொழி வடசொற்களை ஏற்றது மிகப் பழமையானது. கி.பி. 683ஆம் ஆண்டைச் சேர்ந்த கெடுகான் புகித் கல்வெட்டு, பல்லவ எழுத்து மரபில் பழைய மலாயும் வடசொற்களும் விரவி அமைந்ததாகும்.

மலேசிய அரசியலமைப்பின் 153ஆம் பிரிவு மலாய்க்காரர், சபா, சரவாக் பூர்வகுடியினர் ஆகியோரின் சிறப்பு நிலையைப் பேசுகிறது. ஆயினும் 'பூமிபுத்ரா' என்னும் சொல் அப்பிரிவில் இல்லை; ஆட்சி வழக்கில், குறிப்பாக 1971ஆம் ஆண்டின் புதிய பொருளாதாரக் கொள்கைக்குப் பின், அது வேரூன்றியது. தீபகற்பத்தின் தொல்குடியினர்க்கு 'ஓராங் அஸ்லி' என்பது தனிப்பெயர். அதன் 'அஸ்லி' அரபு மூலத்தது. தலைமுறைகளாக அம்மண்ணிலேயே பிறந்து இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழரோ இவ்வகைப்பாட்டுக்குப் புறத்தே நின்றனர். பெயர் மண்ணைச் சுட்டினும், அதன் எல்லையை வகுத்தது மண்ணில் பிறந்த பிறப்பு மட்டுமன்று.

சுவிட்சர்லாந்தில் 'ஹைமாட்' என்பது தாயகம். 'ஓர்ட்' என்பது இடம். தமிழரின் 'பூர்விகம்', 'சொந்த ஊர்' என்பவற்றுக்கு இது அணுக்கமானது. அந்நாட்டுக் கடவுச்சீட்டு பிறந்த இடத்துக்கு மாறாக இப்பூர்விக ஊரையே குறிக்கிறது. கூட்டாட்சி அரசியலமைப்பின் 37ஆம் பிரிவின்படி, ஓர் ஊராட்சியிலும் ஒரு மாநிலத்திலும் குடியுரிமை உடையவரே நாட்டின் குடிமகன். அந்நாட்டில் பிறந்ததனால் மட்டும் இவ்வுரிமை வாய்ப்பதில்லை. பெற்றோர் வழியாகவோ விண்ணப்பத்தின் வழியாகவோ அது அமைகிறது.

1983ஆம் ஆண்டு வன்முறைக்குப் பின் ஈழத்திலிருந்து அங்குச் சென்று குடியேறிய தமிழருள், பெர்ன் நகரில் குடியுரிமை பெற்றவர்க்குப் 'பெர்ன்' பூர்விக ஊராகப் பதிவாகிறது. அவர்தம் மக்கள் வேறெங்குப் பிறப்பினும் அவ்வூரையே மரபாகப் பெறுவர். வீட்டில் 'ஊர்' என்றால் யாழ்ப்பாணத்துச் சிற்றூர். ஆவணத்தில் ஊர் என்றால் பெர்ன்.

இரு சொற்களும் பிறப்பிடத்தை விடப் பரம்பரைக்கே முதன்மை தருகின்றன. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. 'பூமிபுத்ரா' என்பது ஓர் இனத்தொகுதியின் பெயர்; குடியுரிமை பெற்றதனால் மட்டும் அதனுள் நுழைய இயலாது. 'ஹைமாட்ஓர்ட்' என்பதோ ஓர் ஊரின் ஏற்பு. ஏற்கப்பட்ட அயலாரும் அவ்வூரார் ஆகின்றனர். ஆகவே இத்தகு சொற்களை ஆராய்வோர் வேர்ச்சொல்லோடு நில்லாது, அச்சொல் யாரை உள்ளே கொள்கிறது, யாரைப் புறத்தே நிறுத்துகிறது என்பதையும் நோக்குதல் வேண்டும்.