சாக்கு மாற்றினால் போதும்

அக்காவின் கல்யாணம் 2009 ஆவணியில் கள்ளக்குறிச்சியில் நடந்தது. அந்த மொய் நோட்டைப் போன வருஷம் பரணில் கரையான் தின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் மொய் நோட்டு போனால் நிலப் பத்திரம் போன மாதிரி. யார் எவ்வளவு எழுதினார்கள் என்று தெரியாமல் அவர்கள் வீட்டு விசேஷப் பந்தியில் போய் உட்கார முடியுமா?

அக்காவுக்குத்தான் ஞாபகம் வந்தது. "டேய், வீடியோக்காரரு மொய் எழுதுற நோட்டையே கிட்ட வச்சு எடுத்தாரே, அதுல பாரு."

கல்யாண டிவிடியைச் சில வருஷங்களுக்கு முன்பே ஒரு கடையில் கொடுத்து, 200 ரூபாய் செலவில் பென்டிரைவுக்கு மாற்றி வாங்கியிருந்தோம். போட்டுப் பார்த்தோம். மேசை வருகிறது, வெற்றிலைத் தட்டு வருகிறது, பேனா பிடித்த கை வருகிறது. நோட்டில் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் நீலக் கறை. போதாததற்கு எல்லோரும் ஒரு சுற்றுப் பருத்துத் தெரிந்தார்கள். "நான் எப்படா இவ்ளோ குண்டா இருந்தேன்?" என்று அக்காவுக்குக் கோபம் வேறு.

டிவிடியைத் தேடி எடுத்துக் கணினியில் போட்டேன். இரண்டு மணி நேரப் படம் அதில் 3.9 ஜிபி. கடைக்காரர் கொடுத்தது 190 எம்பி. ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. மீதி பத்தொன்பது பங்கில்தான் எங்கள் மொய்க் கணக்கு இருந்திருக்கிறது.

கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் மரவள்ளி போடுகிறவர்களுக்கு இந்த விஷயம் சட்டென்று புரியும். கிழங்கை ஒரு சாக்கிலிருந்து இன்னொரு சாக்குக்கு மாற்றினால் கிழங்கு அப்படியே இருக்கும். சின்னசேலம் பக்கம் ஆலைக்கு அனுப்பினால் ஜவ்வரிசியாக வரும். ஜவ்வரிசியும் நல்ல பொருள்தான். ஆனால் அதிலிருந்து கிழங்கைத் திரும்ப எடுக்க முடியாது. கடைக்காரர் செய்தது ஆலை வேலை. எங்களுக்குத் தேவைப்பட்டது சாக்கு மாற்றுகிற வேலை. கணினிக்காரர்கள் அதை ரீமக்ஸ் என்கிறார்கள்.

டிவிடியைத் திறந்தால் வீடியோ டிஎஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் விஓபி என்று முடிகிற ஃபைல்கள். இவைதான் சாக்கு. உள்ளே எம்பெக்-2 முறையில் சுருக்கிய படமும், ஏசி3 போன்ற முறையில் பதிந்த ஒலியும் பொட்டலம் பொட்டலமாக மாறி மாறி அடுக்கியிருக்கும். எந்தப் பொட்டலம் எந்த நொடியில் வர வேண்டும் என்ற நேரச் சீட்டு கூடவே ஒட்டியிருக்கும். ரீமக்ஸ் செய்யும் மென்பொருள் பொட்டலத்தைப் பிரிப்பதில்லை. வெளியே எடுத்து, சீட்டைப் புதுச் சாக்கின் வழக்கப்படி எழுதி, திரும்ப அடுக்குகிறது. படமும் ஒலியும் ஒரு பிட்கூட மாறாது. படத்தை அவிழ்த்து மறுபடி சுருக்கும் வேலை இல்லாததால், ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் ஒரு டிவிடிக்கு ஓரிரு நிமிஷம் போதும்.

விஓபி ஃபைல்களை அப்படியே பென்டிரைவில் போட்டால் ஆகாதா என்று மாமா கேட்டார். அவர் ஏற்கெனவே போட்டும் இருந்தார். டிவிடி விதிப்படி ஒரு ஃபைல் 1 ஜிபியைத் தாண்டக் கூடாது. ஆகவே எங்கள் கல்யாணம் நான்கு துண்டாகக் கிடந்தது. ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்கும்போது ஒரு துண்டு முடிகிறது. மாப்பிள்ளை முடிச்சுப் போடுவது அடுத்ததில். எந்தத் துண்டுக்குப் பிறகு எது என்ற வரிசை ஐஎஃப்ஓ என்ற சின்ன ஃபைலில் இருக்கிறது. அதையும் படித்து முழுசாக ஒரே எம்கேவி ஃபைலாக எடுத்துத் தர மேக்எம்கேவி என்ற மென்பொருள் இருக்கிறது. அதைத்தான் நான் பயன்படுத்தினேன். கட்டளை எழுதத் தெரிந்தவர்களுக்கு எஃப்எஃப்எம்பெக் உண்டு. அதில் 'காப்பி' என்று சொல்லிவிட்டால் படத்தின் மேல் கை வைக்காது.

குண்டான கதைக்கும் காரணம் கிடைத்தது. நம் ஊர் டிவிடியில் படம் 720க்கு 576 புள்ளியாகப் பதிந்திருக்கும். அந்தப் புள்ளிகள் சரியான சதுரம் அல்ல. 4க்கு 3 என்ற அளவில் விரித்துக் காட்டு என்று ஒரு குறிப்பு உள்ளேயே இருக்கும். கடைக்காரர் அதை அகலத் திரைக்கு இழுத்துவிட்டார். எம்கேவியில் அந்தக் குறிப்பும் கூடவே வந்தது. அக்கா இளைத்தாள்.

எம்கேவிதான் வேண்டுமா, எம்பி4 ஆகாதா? டிவிடியில் சில ஸ்டுடியோக்காரர்கள் ஒலியைச் சுருக்காமல் பிசிஎம் ஆகவே விட்டிருப்பார்கள். எம்பி4 சாக்கில் அது எல்லா இடத்திலும் சரியாகப் போய் உட்காராது. எம்கேவி ஏறக்குறைய எதையும் வாங்கிக்கொள்ளும். 2002இல் தொடங்கிய மட்ரோஸ்கா என்ற திட்டத்தின் பிள்ளை அது. ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் ரஷ்யப் பொம்மையை வைத்து வந்த பெயர். இணையத்துக்கு விதி வகுக்கும் ஐஇடிஎஃப், 2024 அக்டோபரில் ஆர்எஃப்சி 9559 என்று அதன் இலக்கணத்தை வெளியிட்டது. எந்தக் கம்பெனி மூடினாலும் அந்த ஏட்டைப் பார்த்து யாராவது ஒரு பிளேயர் எழுதிவிடலாம். கல்யாண வீடியோவுக்கு அது பெரிய ஆறுதல்.

இந்தக் கதையைக் கேட்டு வெள்ளிமலையில் ஆசிரியராக இருக்கும் நண்பர் கூப்பிட்டார். கச்சிராயபாளையம், கோமுகி அணை, பரிகம் தாண்டி மலை ஏறினோம். அவர் அப்பா கூத்துப் பிரியர். அடிவாரத்து ஊரொன்றில் பாரதக் கூத்து விடிய விடிய நடந்ததை யாரோ எடுத்து விசிடி போட்டிருக்கிறார்கள். அவர் வாங்கி வைத்திருந்தார். 'கூத்து 1' முதல் 'கூத்து 7' வரை மார்க்கரில் எழுதிய ஏழு தட்டுகள். 2006இல் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தில் வந்த 14 அங்குலப் பெட்டியில்தான் அதை ஊரே பார்த்ததாம். பெட்டி இப்போது அலமாரிக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது.

விசிடி ஏழைகளின் சரக்கு. 352க்கு 288 புள்ளி, எம்பெக்-1 படம், ஒரு தட்டில் 74 நிமிஷம். அதற்கு இடம் எப்படிக் கிடைத்தது தெரியுமா? சாதாரண சிடியில் ஒரு செக்டாருக்கு 2,048 பைட் தரவும், பிழை திருத்தக் கூடுதல் பைட்டுகளும் இருக்கும். விசிடி அந்தக் கூடுதல் திருத்தத்தை விட்டுவிட்டு 2,324 பைட் படத்தை அடைக்கிறது. ஒரு கீறல் விழுந்தால் கட்டம் கட்டமாக உடையும், அவ்வளவுதானே என்று கணக்குப் போட்டவர்கள் செய்த வேலை. கணினிக்கு இந்தத் தாராளம் கிடையாது. தட்டில் படம் இருக்கும் டாட் ஃபைலை இழுத்துப் போட்டால், கீறல் வந்த இடத்தில் சைக்ளிக் ரிடண்டன்சி என்று மிரட்டிவிட்டு முழுக் காப்பியையும் நிறுத்திவிடும். நான்காம் தட்டு பல வருஷமாக 'போயிடுச்சு' என்று ஒதுக்கப்பட்டதற்கு இதுதான் காரணம்.

ஐசோபஸ்டர் போன்ற மென்பொருளில் படிக்க முடியாத செக்டாரை வெற்றாக நிரப்பிக்கொண்டு மேலே போகச் சொல்லலாம். அப்படித்தான் எடுத்தோம். டிரைவ் கரகரவென்று இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. முக்கால் மணி நேரம். துகில் உரியும் இடத்தில்தான் கீறல். துச்சாதனனின் புஜக்கீர்த்தி சதுரம் சதுரமாகச் சிதறுகிறது, அரை வினாடியில் அடுத்த முழுப் படம் வந்து அவரை ஒட்டவைக்கிறது, மறுபடி சிதறுகிறது. முகவீணை மட்டும் பெரும்பாலும் அறுபடவில்லை, ஒலிப் பொட்டலங்கள் தனி என்பதால். கீறலுக்கு ரீமக்ஸ் வைத்தியம் செய்யாது. ஆனால் ஏழு தட்டும் ஒரே அளவு, ஒரே முறை என்பதால் எம்கேவி டூல்நிக்ஸில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, விடிய விடியக் கூத்தை ஒரே ஃபைலாக ஆக்க முடிந்தது. தட்டு மாற்ற எழுந்திருக்க வேண்டாம்.

மலையில் எல்லோரும் கேட்டது வாட்ஸ்அப்புக்கு வருமா என்றுதான். வராது. அதற்குச் சின்னதாக மறுபடி சுருக்கித்தான் ஆக வேண்டும்; சுருக்கியும் கொடுத்தேன். ஜவ்வரிசி வேண்டுமென்றால் கிழங்கில் ஒரு பங்கை மட்டும் ஆலைக்கு அனுப்புங்கள், முழுவதையும் அனுப்பாதீர்கள். ஒளிப்பதிவு செய்த டேப்பில் அடுத்த கல்யாணத்தை ஏற்றி எடுத்த ஸ்டுடியோக்கள் உண்டு. அப்படி இருந்தால் நம் கையில் உள்ள தட்டுதான் மூலம். எழுதும் தட்டில் இருப்பது சாயப் பூச்சு. வெயிலும் சூடும் அதற்கு ஆகாது. தகரக் கூரைக்கடியில் டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பவர்கள் சீக்கிரம் எடுத்துவிடுவது நல்லது.

சினிமா டிவிடி வேறு கதை. அதில் பூட்டு உண்டு. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பது, பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவின்படி, இரண்டு வருஷம் வரை சிறைக்கு இடம் கொடுக்கும் குற்றம். ஸ்டுடியோக்காரர் எழுதிக் கொடுத்த கல்யாணத் தட்டில் பொதுவாகப் பூட்டே இருக்காது.

மொய் நோட்டுக்கு வருகிறேன். எம்கேவியில் அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். நீல மை, சாய்ந்த கையெழுத்து. பக்கத்தில் பதினொரு வரி படிக்க முடிந்தது. பரிகம் மாமா 501. துருகத்துப் பெரியப்பா 1,001, கூடவே குத்துவிளக்கு. ஒன்பதாம் வரியில் வெறும் 51 எழுதிய ஒருவர், அக்கா வீட்டுக்காரருக்கு ரொம்ப நெருக்கம். அந்த வரியில் வீட்டில் கொஞ்சம் சத்தம் வந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டும் நேரத்தில் வீடியோக்காரர் கேமராவை நாதஸ்வரத்தின் பக்கம் திருப்பிவிட்டார். அந்தப் பதினொரு பேரை அக்கா காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள்.