படிக்கும் பிள்ளையின் சாப்பாட்டுச் செலவுக்குக் கடன் அட்டை ஏற்றதா?

உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வெளியாகி, பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்துவிட்டது என்ற செய்தி வரும்போது ஒரு வீடு மட்டுமல்ல, அந்தக் கிராமமே மகிழ்கின்றது. கணவனை இழந்து, காணியை இழந்து, முகாமில் இருந்து மீண்டு வந்து, கூலி வேலைக்குப் போய்ப் பிள்ளைகளைப் படிப்பித்த தாய்மாருக்கு அது சாதாரண நாளல்ல. ஆனால் அடுத்த கிழமையே ஒரு கேள்வி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றது. மாதா மாதம் செலவுக்குக் காசு எங்கிருந்து வரும்?

அரச பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் முல்லைத்தீவிலிருந்து மொறட்டுவைக்கும், மட்டக்களப்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும், வவுனியாவிலிருந்து பேராதனைக்கும் போகும் பிள்ளைகள் அங்கே சாப்பிட வேண்டும், தங்க வேண்டும், பஸ்ஸுக்குக் கொடுக்க வேண்டும், பாடக் குறிப்புகளைப் பிரதி எடுக்க வேண்டும், தொலைபேசிக்குக் காசு போட வேண்டும். இவை இலவசமல்ல.

முன்பு இந்தக் கேள்விக்கு எமது பெண்கள் கண்ட விடை நகை அடைவு, சீட்டு, கைமாற்று, கிழமைக் கடன் என்பனவே. இப்போது களப்பணிக்குப் போகும் இடங்களில் புதிதாக ஒரு விடையும் காதில் விழுகின்றது. “மாமா ஒரு கிரெடிட் காட் எடுத்துத் தாறன் எண்டு சொல்லுறார். பிள்ளை அதிலை சமாளிக்கலாமாம். நல்லதோ தங்கச்சி?” என்று அண்மையில் ஒரு தாய் என்னிடம் கேட்டார். இந்தக் கேள்வி உங்களில் பலருக்கும் உரியது என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம்.

இரண்டு அட்டைகள், இரண்டு விதமான காசு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். சேமிப்புக் கணக்குத் திறக்கும்போது வங்கி தரும் அட்டை டெபிட் அட்டை. அதில் இருப்பது எங்கள் காசு. கணக்கில் 2,000 ரூபா இருந்தால் 2,000 ரூபாவுக்கு மேல் எடுக்க முடியாது. கடன் அட்டை அப்படியல்ல. அதில் இருப்பது வங்கியின் காசு. வங்கி ஓர் எல்லையைத் தீர்மானித்து, “இவ்வளவுக்குள் வாங்கிக்கொள், பிறகு கட்டு” என்று தருகின்றது. இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதால், கையில் இருப்பது காசு அல்ல, கடன் என்பதைப் பிள்ளைகள் இலகுவாக மறந்துவிடுகின்றார்கள்.

கடன் அட்டைக்கு மாதம் ஒருமுறை கணக்குக் கூற்று வரும். அதில் காட்டிய முழுத் தொகையையும் குறித்த திகதிக்குள் கட்டிவிட்டால் வாங்கிய பொருட்களுக்கு வட்டி இல்லை. இதனால்தான் சம்பளம் எடுப்பவர்கள் பலர் இதை வசதியாகப் பயன்படுத்துகின்றார்கள். ஆனால் அந்தக் கூற்றிலேயே “குறைந்தபட்சக் கொடுப்பனவு” என்று ஒரு சிறிய தொகையும் இருக்கும். பொதுவாக அது மொத்தத்தில் 5 சதவீதமளவில் இருக்கும். அதைக் கட்டினால் போதும் என்று நினைப்பதுதான் ஆபத்தின் வாசல். மிகுதிக்கு வட்டி ஏறத் தொடங்கும். பெரும்பாலும் அந்த வட்டி பொருள் வாங்கிய நாளிலிருந்தே கணக்கிடப்படும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கடன் அட்டையின் வட்டி வீதம் காலத்துக்குக் காலம் மாறுகின்றது. 2020 இல் மத்திய வங்கி அதற்கு 18 சதவீதம் என்று உச்ச எல்லை வைத்தது. 2022 பொருளாதார நெருக்கடியின்போது அந்த எல்லை நீக்கப்பட, சில வங்கிகளில் வீதம் 36 சதவீதம் வரை சென்றது. 2023 ஆகஸ்டில் மீண்டும் 28 சதவீதம் என எல்லை விதிக்கப்பட்டது. அதே கட்டளையில் நகை அடைவுக்கு விதிக்கப்பட்ட எல்லை 18 சதவீதம். அதாவது, எமது பெண்கள் பயந்து பயந்து வைக்கும் வங்கி நகை அடைவின் வட்டியைவிட, பளபளப்பான அட்டையின் வட்டி கூட.

இனி ஒரு மாணவி மாதம் 15,000 ரூபா வீதம் நான்கு மாதம் சாப்பாட்டுக்கும் பிற செலவுக்கும் அட்டையைப் பயன்படுத்தினாள் என்று வைத்துக்கொள்வோம். கடன் 60,000 ரூபா. அதன் பின் அட்டையைத் தொடவே இல்லை, மாதா மாதம் 5 சதவீதம் மட்டும் கட்டி வருகின்றாள். வட்டி 28 சதவீதம். முதல் மாதம் அவள் கட்டுவது 3,000 ரூபா. அதில் 1,400 ரூபா வட்டிக்கே போய்விடும். ஒரு வருடம் இப்படிக் கட்டினால் அவள் கையிலிருந்து போயிருப்பது சுமார் 31,000 ரூபா. கடன் குறைந்திருப்பது சுமார் 16,600 ரூபா மட்டுமே. இன்னும் 43,000 ரூபாவுக்கு மேல் மீதி நிற்கும். சாப்பிட்டு முடித்த சோற்றுக்கு ஒரு வருடம் கட்டியும் பாதிக் கடன்கூடத் தீரவில்லை.

இதில் தாமதக் கட்டணத்தையும் வருடாந்தக் கட்டணத்தையும் சேர்க்கவில்லை. அந்த ஒரு வருடமும் அவள் எதைக் கொண்டு சாப்பிட்டாள் என்பதையும் சேர்க்கவில்லை.

காசாக எடுத்தால் இன்னும் மோசம்

பிள்ளைகள் தங்கும் வீட்டுக்கார அம்மா அட்டை வாங்குவாரா? பின்னேரம் சாப்பாட்டுப் பார்சல் கட்டித் தரும் கடைக்காரர் வாங்குவாரா? தனியார் பஸ்ஸில் அட்டை செல்லுமா? பெரும்பாலான இடங்களில் இல்லை. ஆகவே வாழ்க்கைச் செலவுக்குக் கடன் அட்டை என்றால், நடைமுறையில் அந்த அட்டையை ஏ.ரி.எம். இயந்திரத்தில் போட்டுக் காசு எடுப்பதாகவே அது முடிகின்றது. அப்படி எடுக்கும் காசுக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி. அதற்கு மேல் எடுப்பதற்கென்று தனிக் கட்டணம். அட்டையின் ஒரே நன்மையும் இங்கே இல்லாமற் போகின்றது.

யார் பெயரில் கடன்?

வருமானம் இல்லாத மாணவிக்கு வங்கி இலகுவில் தனிக் கடன் அட்டை தருவதில்லை. எனவே இரண்டு வழிகளில்தான் அட்டை வருகின்றது.

ஒன்று, உறவினர் ஒருவரின் அட்டையோடு இணைந்த மேலதிக அட்டை. இதில் பிள்ளை செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பொறுப்பு அந்த உறவினர். எந்தக் கடையில், எந்த நாளில், எவ்வளவு என்பதும் அவருக்கு வரும் கூற்றில் இருக்கும். நல்ல மனிதராக இருந்தால் சரி. ஆனால் கடன் கூடும்போது உறவு கசக்கின்றது. தகப்பன் இல்லாத ஒரு பெண்பிள்ளையின் சாப்பாட்டுக் காசு இன்னொருவரின் கையில் இருந்தால், அவளுடைய போக்குவரத்து, படிப்பு, திருமணம் எல்லாவற்றிலும் அவர் கருத்துச் சொல்லும் உரிமையை எடுத்துக்கொள்கின்றார். இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் அந்தப் பிள்ளையால் சொல்ல முடியாமற் போகலாம். இது வட்டிக் கணக்கில் வராத விலை.

மற்றது, தாயின் நிலையான வைப்பை ஈடாக வைத்துப் பெறும் அட்டை. வெளிநாட்டிலுள்ள சகோதரன் அனுப்பியதையோ இழப்பீட்டுக் காசையோ சேர்த்து வைத்திருக்கும் பெண்கள் சிலருக்கு இவ்வாறு சொல்லப்படுகின்றது. கடன் கட்டாவிட்டால் வங்கி அந்த வைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். அவசரத்துக்குக் காசு தேவையென்றால் அதே வைப்பின் மீது நேரடியாகக் கடன் பெறலாம். அதன் வட்டி பொதுவாகக் கடன் அட்டையின் வட்டியைவிடக் குறைவு. வங்கியில் இரண்டையும் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் அறிந்திருங்கள். 1990 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த கொடுகடன் தகவல் பணியகத்தில் கடன் பெறுவோரின் விபரம் பதியப்படுகின்றது. கட்டத் தவறியதும் பதியப்படும். நாளை வீட்டுக் கடனுக்குப் போகும்போது வங்கி அதைப் பார்க்கும்.

எமக்குத் தெரிந்த பாடம்தான்

இது எமக்குப் புதிய பாடமல்ல. போர் முடிந்த பின் வடக்கு கிழக்குக் கிராமங்களுக்குள் வந்த நுண்நிதிக் கடன்களை நாம் மறக்கவில்லை. ஆடு வளர்க்க, கடை போட என்று எடுத்த கடன் பலருக்கு அரிசிக்கும் மருந்துக்கும் முடிந்தது. அதைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட இன்னொன்று. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்நிதிக் கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்ய முன்வரும் அளவுக்கு நிலைமை போனது.

அந்தப் பெண்கள் பொறுப்பற்றவர்களாக இருந்ததால் அது நடக்கவில்லை. திரும்பத் திரும்ப வரும் செலவை, வருமானம் தராத கடனால் நிரப்பியதால் நடந்தது. பசி மாதம் முப்பது நாளும் வரும். ஒருமுறை வரும் செலவுக்கு ஒருமுறைக் கடன் வாங்கித் தீர்க்கலாம். மாதா மாதம் வரும் செலவுக்கு மாதா மாதம் வரும் ஒரு வரவுதான் வேண்டும். கடன் அட்டை வரவல்ல.

அப்படியானால் என்ன செய்வது?

முதலில் தாயும் பிள்ளையும் ஒன்றாக இருந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் செலவு. மாதம் 5,000 ரூபா குறைகின்றது என்றால், வருடத்தில் 10 மாதமாக நான்கு வருடத்துக்கு அது இரண்டு இலட்சம் ரூபா. முழுத் தொகை கண்முன் தெரிந்தால்தான் வழி தேடலாம்.

மகாபொல புலமைப்பரிசிலும், அது கிடைக்காதோருக்கான மாணவர் உதவிப் பணமும் முதலில் நினைக்க வேண்டியவை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், உதவிப் பணம் 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. குடும்ப வருமானம் பார்க்கப்படுவதால் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், மரணச் சான்றிதழ் போன்ற பத்திரங்களை முன்கூட்டியே தயார்படுத்துங்கள். போரில் பத்திரங்கள் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் இப்போதே பிரதிக்கு விண்ணப்பியுங்கள்.

இந்தப் பணத்தின் முதல் தவணை பிந்தி வருவதுண்டு. பிள்ளைகள் கடனில் விழுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். எனவே சீட்டுக் காசோ நெற்காசோ வந்தால், முதல் மூன்று மாதச் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள். போதாவிட்டால், கிராமத்துச் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்திலும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் விசாரியுங்கள். பிள்ளை படித்த பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்தை நாடவும் கூச்சப்பட வேண்டாம். பல்கலைக்கழகத்தில் மாணவர் ஆலோசகர்கள் இருக்கின்றார்கள். விடுதி அனுமதிக்கும் உதவிகளுக்கும் அவர்களிடம் பேசும்படி பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

கடன் அட்டை முற்றாகக் கூடாததா? அப்படியும் இல்லை. இணையத்தில் ஒரு பரீட்சைக் கட்டணம் செலுத்தலாம், திடீரென்று ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் உதவும். ஆனால் அதைக் கட்டுவதற்கான காசு ஏற்கெனவே கணக்கில் இருக்க வேண்டும், அல்லது குறித்த திகதிக்கு முன் வருவது நிச்சயமாக இருக்க வேண்டும். எல்லை சிறியதாக இருக்கட்டும். காசாக எடுக்க வேண்டாம். முழுத் தொகையையும் கட்ட வேண்டும். இரகசிய எண்ணையும் தொலைபேசிக்கு வரும் குறியீட்டையும் யாருக்கும் சொல்லக் கூடாது. இணையக் கட்டணம் செலுத்துவது மட்டுமே தேவையென்றால் டெபிட் அட்டையே பெரும்பாலும் போதும்.

தாய்மாரே, கடைசியாக ஒன்று. அம்மா பட்ட கஷ்டம் போதும் என்று நினைத்துத் தங்கள் கடனை மறைக்கும் பிள்ளைகளை நான் கண்டிருக்கின்றேன். பிள்ளைக்குத் தெரியக் கூடாதென்று தோட்டைக் கழற்றி அடைவு வைக்கும் தாய்மாரையும் கண்டிருக்கின்றேன். இரண்டு பக்கமும் அன்புதான். ஆனால் அந்த மௌனத்துக்குள்தான் வட்டி வளர்கின்றது. ஏற்கெனவே அட்டையில் கடன் இருந்தால் ஏசாதீர்கள். அட்டையை நிறுத்தி, வங்கிக்கு நேரில் சென்று, தவணையாகக் கட்ட வழி கேளுங்கள். மாதம் ஒருமுறை பிள்ளை வீட்டுக்கு வரும்போது சாப்பாடு கட்டிக் கொடுப்பதோடு, அந்தக் கொப்பியையும் ஒருமுறை ஒன்றாகத் திறந்து பாருங்கள்.