தண்டனையும் கூட்டுறவும்
இணையச் சமூகங்கள் கற்பிக்கும் பாடம்

ஊர்ப் பொதுக் கிணற்றில் நீர் மொள்வார் பலர். அதனைத் தூர்வார முன்வருவார் சிலர். அச்சிலரும் ஒருநாள், "மற்றையோர் வாளா இருக்க நாம் மட்டும் ஏன் உழைத்தல் வேண்டும்?" என்று ஒதுங்கிவிடின் கிணறு பாழாகும். பலர்க்கும் உரிய பொருளைப் பேணுவதில் மக்கள் தொன்றுதொட்டுக் கண்டுவரும் இடர்ப்பாடு இதுவாகும்.

இன்று இணையத்தின் வழியே கூடும் சமூகங்களும் இத்தகைய பொதுக் கிணறுகளே. அங்கே ஒருவர் அறிவை எழுதி வைக்கிறார். ஆயிரவர் படித்துப் பயன் பெறுகின்றனர். அதே இடத்தில் வேறொருவர் வசைமொழி எழுதுகிறார், பொய்யைப் பரப்புகிறார், பிறர் எழுதியதைச் சிதைக்கிறார். ஊரில் என்றால் உற்றாரும் அயலாரும் என்ன நினைப்பரோ என்ற நாணம் ஒருவனைத் தடுக்கும். முகமும் ஊரும் அறியாதார் கூடுமிடத்தில் அந்நாணத்திற்கு வலிமை குறைவு. ஆகவே, "தீயோரைக் கடுமையாகத் தண்டியுங்கள்" என்ற குரல் எங்கும் எழுகின்றது.

தண்டனை கூட்டுறவை வளர்க்குமா? வளர்க்கும் என்றால் எத்தகைய தண்டனை வளர்க்கும்? இவ்வினாக்களுக்குக் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் அறிஞர் பலர் சோதனை வாயிலாக விடை தேடியுள்ளனர். அவ்விடைகள் எளிதில் எதிர்பார்க்கத்தக்கன அல்ல.

சூரிக் நகரச் சோதனை

சுவிட்சர்லாந்து நாட்டில் பணியாற்றிய எர்ன்ஸ்ட் ஃபேர், சைமன் கேக்டர் என்னும் பொருளியலறிஞர் இருவர் 2002ஆம் ஆண்டில் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டனர். அதில் கலந்துகொண்டோர் 240 மாணவர். நால்வர் கொண்ட குழுக்களாக அவர்கள் பிரிக்கப்பட்டனர். ஒவ்வொருவர்க்கும் 20 பணக்கூறுகள் தரப்பட்டன. அவற்றைத் தாமே வைத்துக்கொள்ளலாம். அல்லது பொதுநிதியில் இடலாம். பொதுநிதியில் இடும் ஒவ்வொரு கூற்றிற்கும் நால்வரும் ஆளுக்கு 0.4 கூறு பெறுவர்.

இதன் கணக்கைச் சற்று நோக்குவோம். நால்வரும் 20 கூறுகளையும் இட்டால் பொதுநிதி 80 ஆகும். ஒவ்வொருவர்க்கும் 32 கிடைக்கும். ஒருவரும் இடாவிட்டால் ஒவ்வொருவரிடமும் பழைய 20 மட்டுமே எஞ்சும். ஆனால், மூவர் இட ஒருவர் மட்டும் இடாது நின்றால், அம்மூவரும் ஆளுக்கு 24 பெற, நின்றவரோ தம் 20உடன் அந்த 24ஐயும் சேர்த்து 44 பெறுவார். கூடி உழைப்பது எல்லார்க்கும் நன்று. பிறர் உழைக்கத் தாம் வாளா இருப்பதோ ஒருவர்க்கு இன்னும் நன்று! சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

தண்டனைக்கு இடமில்லாதபோது, சுற்றுக்குச் சுற்று மாணவர் இட்ட தொகை குறைந்துகொண்டே வந்தது. தண்டிக்க இடந்தந்தபோது அது உயர்ந்தது. தண்டிப்பவர் தம் கையிலிருந்து ஒரு கூறு செலவிட்டால், தண்டனை பெறுபவர் மூன்று கூறுகளை இழப்பார். ஒரு சுற்றில் கூடியவர் மறுசுற்றில் மீண்டும் சந்திப்பதில்லை. ஆகவே ஒருவரைத் தண்டித்துத் திருத்தினாலும் அதனால் தண்டித்தவர்க்கு ஒரு பயனும் இல்லை. அவ்வாறிருந்தும், கலந்துகொண்டோருள் நூற்றுக்கு 84 பேருக்கு மேல் ஒருமுறையேனும் தம் பணத்தைச் செலவிட்டுப் பிறரைத் தண்டித்தனர். பொதுநலத்திற்கு ஊறு செய்வோர்மீது மக்களுக்கு எழும் சினம், தமக்கு இழப்பு வரினும் அவரைத் தண்டிக்கத் தூண்டுகின்றது என்பது இதனால் விளங்கிற்று.

நல்லோர்மீது பாய்ந்த தண்டனை

இத்துடன் நிறுத்தியிருந்தால், "தண்டனையே கூட்டுறவிற்கு மருந்து" என்று முடிவு கட்டியிருக்கலாம். ஆனால் பெனடிக்ட் ஹெர்மன், கிறிஸ்டியன் தோனி ஆகியோர் கேக்டருடன் சேர்ந்து, உலகின் 16 நகரங்களில் 1120 பேரைக் கொண்டு நடத்திய சோதனை 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. இம்முறை அதே நால்வர் பத்துச் சுற்றுகள் சேர்ந்தே ஆடினர். பாஸ்டன், கோபன்ஹேகன், சூரிக் முதலிய நகரங்களில் தண்டனை முன்போலவே பயன் தந்தது. ஏதென்சு, ரியாத், மஸ்கட் போன்ற நகரங்களிலோ எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. குறைவாக இட்டவரேயன்றி, நிறைவாக இட்டவரும் தண்டிக்கப்பட்டனர்! பொதுநிதிக்கு வாரி வழங்கியவர்மீதே தண்டனை பாய்ந்தது.

காரணம் என்ன? தம்மைத் தண்டித்தவர் யார் என்பது ஆடுவோர்க்குத் தெரியாது. தண்டனை பெற்றவர், "நிறைய இட்ட நல்லவர்களே நம்மைத் தண்டித்திருப்பர்" என்று ஐயுற்று அவரைத் திருப்பித் தாக்குதல் இயல்பு. அதனால் நல்லோரும் சோர்வுற்றுத் தம் பங்கைக் குறைக்க, அந்நகரங்களில் கூட்டுறவு ஓங்கவில்லை.

இஃது எந்த இனத்தாரின் பிறவிக் குணத்தையும் காட்டுவதன்று. நாட்டில் சட்டத்தின் ஆட்சி எவ்வளவு வலுவாக இருக்கின்றது, வரி ஏய்த்தல் முதலியவற்றை மக்கள் எவ்வளவு தவறாகக் கருதுகின்றனர் என்பவற்றோடு இவ்வேறுபாடு பொருந்தி வருவதையே ஆய்வாளர் சுட்டினர். விதியை எல்லாரும் ஏற்றுக்கொண்ட இடத்தில் தண்டனை திருத்தும். ஏற்காத இடத்தில் அதுவே பகையை விதைக்கும்.

வலென்சியாவின் நீர்மன்றம்

அங்ஙனமாயின், விதியைப் பலரும் மனமார ஏற்கச் செய்வது எவ்வாறு? 2009ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்ற முதற் பெண்மணியான எலினோர் ஆஸ்ட்ரம் இவ்வினாவிற்கே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். காடு, மேய்ச்சல் நிலம், பாசன நீர், மீன்வளம் ஆகியவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் கெடாமற் காத்துவந்த ஊர்களை ஆராய்ந்து, 1990ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார்.

அவர் ஆராய்ந்த இடங்களுள் ஸ்பெயின் நாட்டு வலென்சியா ஒன்று. அங்கே பாசன உழவர்க்கென ஒரு நீர்மன்றம் பல நூற்றாண்டுகளாக இயங்கி வருகின்றது. வியாழக்கிழமைதோறும் நண்பகலில் தலைமைத் தேவாலயத்தின் வாயிலில் அது கூடும். உழவர்கள் தாமே தேர்ந்தெடுத்த உழவர்களே அதன் நடுவர்கள். வழக்கும் தீர்ப்பும் வாய்மொழியாகவே பலரறிய நிகழும். 2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இம்மன்றத்தை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

நெடுங்காலம் நிலைத்த இத்தகைய அமைப்புகளில் ஆஸ்ட்ரம் கண்ட பொது இயல்புகளுள் நான்கு நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதன. விதிக்கு உட்படுவோர்க்கு அவ்விதியை ஆக்குவதிலும் பங்குண்டு. கண்காணிப்பவர் அம்மக்களுக்குப் பொறுப்புடையவர். தண்டனை சிறிதாகத் தொடங்கிக் குற்றம் தொடரத் தொடர மிகும். பூசல் எழுந்தால் விரைவிலும் குறைந்த செலவிலும் தீர்த்துக்கொள்ள இடமுண்டு. இந்நான்கிலும் தண்டனை மறையவில்லை. அது வரையறைக்குள் நிற்கின்றது.

விக்கிப்பீடியாவின் முறை

நிலத்திலும் நீரிலும் கண்ட இவ்வுண்மை இணையத்திற்கும் பொருந்துமா? அதற்குச் சிறந்த சான்று விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியம். 2001ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள் தொடங்கிய அதில் எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். தொடக்கத்தில் அதனை எள்ளி நகையாடியோர் பலர். எவரும் எழுதலாம் என்றால் எவரும் அழிக்கலாம் அன்றோ?

அழிக்கத்தான் செய்தனர், ஆயினும் அது அழியவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் பழைய வடிவங்கள் யாவும் காக்கப்படுவதால், ஒருவர் சிதைத்ததை மற்றொருவர் ஒரு நொடியில் முன்போல் ஆக்கிவிடலாம். கெடுப்பதற்கு ஆகும் உழைப்பைவிடச் சீர்செய்வதற்கு ஆகும் உழைப்பு குறைவு. மேலும், அங்கே தண்டனை படிப்படியாகவே ஏறும். முதலில் மென்மையான அறிவுறுத்தல், பின்னர் எச்சரிக்கை, அதன் பின்னர்க் கடைசி எச்சரிக்கை, அதற்கும் அடங்காவிட்டால் சிறிது காலம் எழுதத் தடை, தொடர்ந்து தீங்கு செய்வோர்க்கு நீண்ட தடை. தடை என்பது மேலும் தீங்கு நேராமற் காப்பதற்கேயன்றிப் பழிவாங்குவதற்கன்று என்பது அங்கே எழுதி வைக்கப்பட்ட நெறி. ஆங்கில விக்கிப்பீடியாவில், ஒருவர் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்திற்குள் மூன்று முறைக்கு மேல் பிறர் திருத்தத்தை நீக்குதல் ஆகாது என்ற விதியும் உண்டு. தமக்கே உண்மை தெரியும் என்று கருதுவோரும் அதற்கு உட்பட்டவரே.

வேலி பயிரை மேய்ந்தது

ஆயினும் விக்கிப்பீடியாவின் வரலாறு வெற்றி மட்டும் அன்று. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஊக்கத்துடன் எழுதுவோரின் தொகை 2007ஆம் ஆண்டில் உச்சத்தை அடைந்து, பின்னர்க் குறையலாயிற்று. ஆரன் ஹாஃபேக்கரும் அவர்தம் துணைவர் மூவரும் 2013ஆம் ஆண்டில் இதன் காரணத்தை ஆராய்ந்து எழுதினர். சிதைப்போரைத் தடுக்க வகுத்த விதிகளும் தானியங்கிக் கருவிகளும், நல்லெண்ணத்தோடு வந்த புதியவரையும் விரட்டிவிட்டன என்பது அவர்கள் கண்ட முடிவு.

புதியவர் ஒருவர் முதன்முதலாக இரண்டு வரி எழுதுகிறார். அதில் முறை தெரியாமற் செய்த பிழை இருக்கிறது. சில நொடிகளில் அவ்வரிகள் நீக்கப்படுகின்றன. அவர்க்குக் கிடைப்பதோ எல்லார்க்கும் பொதுவாக முன்பே எழுதி வைத்த ஓர் எச்சரிக்கை. பிழை யாது, திருத்துவது எங்ஙனம் என்று சொல்ல ஆளில்லை. அவர் போய்விடுகிறார், மீண்டும் வருவதில்லை. களவைத் தடுக்க இட்ட வேலியே பயிரை மேய்ந்த கதையாயிற்று இது. சிதைக்கப்பட்ட பக்கத்தை மீட்டுவிடலாம். மனம் நொந்து சென்ற ஆளை மீட்டல் அரிது.

தீச்செயல் செய்வோர் யார்?

இணையத்தில் தீங்கு செய்வோர் தனியொரு கூட்டத்தார் என்றும், அவரைக் களைந்துவிட்டால் எல்லாம் நலமாகும் என்றும் எண்ணுவோர் உளர். ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை இவ்வெண்ணத்தை அசைத்தது. கலந்துகொண்டோருள் சிலர்க்கு எளிய கேள்விகளும், சிலர்க்கு மனம் சலிக்கும் வண்ணம் கடிய கேள்விகளும் தரப்பட்டன. பின்னர் ஒரு கட்டுரையையும் அதன்கீழ்ப் பிறர் எழுதிய கருத்துகளையும் காட்டித் தம் கருத்தை எழுதச் சொன்னார்கள். மனநிலையும் நன்றாக இருந்து, முன்னர் எழுதியோரும் பண்போடு எழுதியிருந்தபோது, தீய கருத்துகள் நூற்றுக்கு 35ஆக இருந்தன. மனம் சலித்து, முன்னர் எழுதியோரும் இழிவாக எழுதியிருந்தபோது அவை 68ஆக ஏறின. இயல்பான மக்களே சூழ்நிலையால் தீமொழி பேசுவோர் ஆகின்றனர்.

அவ்வாறாயின், சூழ்நிலையைத் திருத்தினால் மக்களும் திருந்துவர் அல்லரோ? நேதன் மத்தியாஸ் என்பவர் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை பகர்கின்றது. ரெட்டிட் என்னும் தளத்தில் அறிவியல் உரையாடும் பெருங்குழு ஒன்றில் 2190 உரையாடல்களை அவர் எடுத்துக்கொண்டார். சிலவற்றின் மேற்பகுதியில் அக்குழுவின் விதிகளை எல்லாரும் காண எழுதி வைத்தார். சிலவற்றில் அவ்வாறு வைக்கவில்லை. விதி எழுதிய இடங்களில், புதியவருள் விதியைப் பின்பற்றுவோர் நூற்றுக்கு 8 பேர் அளவில் மிகுந்தனர். அதனினும் வியப்பு யாதெனில், விதியைக் கண்டு புதியவர் அஞ்சி ஓடவில்லை. கலந்துகொண்ட புதியவர் தொகை சராசரியாக நூற்றுக்கு 70 பங்கு கூடிற்று. எது தகும், எது தகாது என்று முன்னரே அறிந்தவர் துணிந்து பேசுகின்றனர் போலும்.

தமிழுக்கு இதில் என்ன?

இவற்றையெல்லாம் ஒருங்கே நோக்கின் ஓர் உண்மை புலனாகும். தண்டனை இல்லாத இடத்தில் கூட்டுறவு மெல்லத் தேயும். சினமே தண்டனையாகும் இடத்தில் அது விரைந்து மாயும். முன்கூட்டி அறிவித்த விதி, சிறிதாகத் தொடங்கும் தண்டனை, தண்டிப்பவரையும் கேள்வி கேட்கும் உரிமை, திருந்தியவர் மீண்டும் வரத் திறந்த வாயில் ஆகிய இவை உள்ள இடத்திலேதான் தண்டனை கூட்டுறவிற்குத் துணை நிற்கும்.

தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டில் தோன்றியது. ஆங்கிலத்தோடு ஒப்பிட அதில் எழுதுவோர் தொகை மிகச் சிறிது. ஆங்கிலத்தில் ஒருவர் மனம் நொந்து விலகினால் அவ்விடத்தை நிரப்பப் பலர் உளர். தமிழிலோ ஒருவர் விலகின், அவர் எழுதியிருக்கக்கூடிய செடிகொடியும் ஊர் வரலாறும் கணிதமும் எழுதப்படாமலே போகலாம். ஒற்று மிகாத இடத்தில் மிகுந்ததற்காகவோ, பிறமொழிச் சொல் ஒன்று கலந்ததற்காகவோ, புதிதாக எழுத வந்த இளைஞரைப் பலர் நடுவே இகழ்வோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வகுப்பறையில் நல்லாசிரியர் இதனை நன்கு அறிவர். மாணவன் ஏட்டில் சிவப்பு மையால் வெறுமனே அடித்துவிடுவோரும் உளர்; அடித்த இடத்தின் அருகே சரியான வடிவத்தை எழுதிக் காட்டுவோரும் உளர். மறுநாள் விருப்புடன் ஏட்டைக் கொண்டுவந்து நீட்டும் மாணவன் யாரிடம் பயில்பவன் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?