தின்னர் டப்பாவும் தீக்குச்சியும்

மும்பைக்குப் பிழைப்புத் தேடி வந்த நம்மவருள் தோல்பை தைப்போரும், காலணி ஒட்டுவோரும், மரச்சாமான்களுக்கு மெருகிடுவோரும் பலர். இவர்கள் நாள்தோறும் கையாளும் பொருள்கள் ஒட்டுப் பசையும் தின்னரும். இவற்றில் பெரும்பாலும் கலந்திருப்பவை டொலுவீன், அசிட்டோன் போன்ற திரவங்கள். இரயில்வே பார்சல் அலுவலகத்தில் கணக்கெழுதும் நாம் இரசாயனப் புலவரல்லோம். ஆயினும் எந்தச் சரக்கை எதனருகில் வைக்கலாகாது என்று அறிவது நம் தொழிலின் பாற்பட்டது. அவ்வகையில் சில செய்திகளை அன்பர்களுக்குக் கூற விழைகிறோம்.

மண்ணெண்ணெய்க்கு அஞ்சும் நம் இல்லங்கள் தின்னருக்கு அவ்வளவு அஞ்சுவதில்லை. உண்மையோ இதற்கு நேர்மாறு. மண்ணெண்ணெய் 35 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறினால்தான் பற்றத்தக்க அளவு ஆவியை வெளியிடும். டொலுவீனுக்கு 4 டிகிரியே போதும். அசிட்டோனோ பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 20 டிகிரிக் குளிரிலும் பற்றிக்கொள்ளும். ஆகவே திறந்து வைத்த டப்பா ஒவ்வொன்றும் ஓயாமல் ஆவியை வெளியிட்டுக்கொண்டிருக்கிறது.

டொலுவீனின் ஆவி காற்றைவிட மும்மடங்கு கனமானது. அது மேலெழாமல் தரையோடு தவழ்ந்து செல்லும். அடுத்த அறை அடுப்பையோ, சுவாமி படத்தின் முன்னுள்ள விளக்கையோ எட்டினால், பற்றிய நெருப்பு வந்த வழியே டப்பாவுக்குத் திரும்பும். கீழே பட்டறை, மேலே பரணில் உறக்கம் என வாழ்வோர்க்கு இறங்கும் ஏணி ஒன்றே. தீயும் அதன் அடியிலேயே மூளும்.

இதற்குரிய காப்புகள் எளியவை. அன்றைய வேலைக்கு வேண்டிய அளவு மட்டுமே பட்டறையில் இருத்தல் வேண்டும். எடுத்தவுடன் மூடியை இறுக மூட வேண்டும். தரையை ஒட்டிய காற்றோட்டம் இன்றியமையாதது. பீடி, ஊதுவத்தி, கொசுவத்தி ஆகியவை அங்கே கூடா. நெடி மிகுந்திருக்கையில் மின்விசையைப் போடவும் வேண்டா, அணைக்கவும் வேண்டா. கதவைத் திறந்து அனைவரும் வெளியேறுக. நனைந்த துணிகளை மூடியுள்ள தகரத் தொட்டியில் இடுக. காலி டப்பாவிலும் ஆவி தங்கும். அதனை வெட்டுவதும் பற்றவைப்பதும் வெடிப்புக்கு வழி. எரியும் தின்னர் மீது தண்ணீரை வீசினால் தீ மிதந்து பரவும். மணலோ, உலர்தூள் அணைப்பானோ கொள்க. பெருந்தீயாயின் உடனே வெளியேறி 101-ஐ அழைக்க.

குளிர்பானப் புட்டியில் தின்னரை ஊற்றி வைக்கும் வழக்கம் மிகக் கொடியது. குழந்தை அருந்திவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யலாகாது. திரவம் நுரையீரலில் புகும். தாமதியாது மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க.

இனி நம் துறைக்குரிய ஒன்று. ஊர் வீட்டுக் கதவுக்கு மெருகிட எண்ணி, தின்னரைப் பெட்டியில் ஒளித்து இரயிலேறுவோர் உளர். 1989-ஆம் ஆண்டின் இரயில்வே சட்டம், 164-ஆம் பிரிவின்படி இதற்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். 2023 ஆகஸ்டு 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதிக்கு மாறாக ஏற்றிவந்த எரிவாயு உருளையால் தீ மூண்டு ஒன்பதின்மர் மாண்டதை நாம் மறக்கலாகாது. தின்னர் ஊரிலும் கிடைக்கும். உயிர் எக்கடையிலும் கிடையாது.

வரும் ஞாயிறன்று அன்பர்கள் தத்தம் பட்டறையையும் பரணையும் ஒருமுறை சுற்றிப் பார்ப்பாராக. மூடியில்லாத டப்பா ஒன்றேனும் கண்ணில் படுமாயின், அதை மூடிய பின்னரே மறுவேலை பார்க்க வேண்டுகிறோம்.