வகுப்பறைக் கருத்தாடலில் எழுத்துவழி உரையாடல்

ஆசிரியரின் வினா, மாணவரின் விடை, ஆசிரியரின் மதிப்பீடு என்னும் மூன்று நகர்வுகளால் வகுப்பறைப் பேச்சு அமைவதைச் சின்க்ளேர், கூல்தார்டு ஆகியோர் 1975இல் விளக்கினர். இவற்றுள் இரண்டு ஆசிரியருக்கு உரியவை. எஞ்சிய ஒன்றினை மாணவர் அனைவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவரே பேசுவது உரையாடலின் பொதுநெறி ஆதலின், விடையை உருவாக்கச் சற்றுக் காலம் வேண்டுவோர் தம் முறையை இழக்கின்றனர். அவர்தம் மௌனத்தை அறியாமை எனக் கொள்வது பொருந்தாது. வலைப்பின்னல்வழி எழுதும் கருவிகள் இந்நிலையை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

1. தோற்றம்

வாஷிங்டனில் செவிப்புலன் குறைந்தோர் பயிலும் காலடெட் கல்லூரியில் (1986 முதல் பல்கலைக்கழகம்) ட்ரெண்ட் பேட்சன் 1985இல் இம்முறையைத் தொடங்கினார். சைகைமொழியில் உரையாடிய மாணவர்க்கு ஆங்கிலம் பெரும்பாலும் பாடநூலிலும் கட்டுரையிலும் மட்டுமே பயன்பட்டது. இணைக்கப்பட்ட கணிப்பொறிகளின் முன் அமர்ந்து ஆசிரியரும் மாணவரும் எழுதியே உரையாடியபோது, அது வினவவும் மறுக்கவும் பயன்படும் மொழியாயிற்று.

2. பயன்

பெர்க்லியில் பிரெஞ்சு பயின்ற மாணவர்களின் வாய்மொழி விவாதத்தையும் எழுத்துவழி விவாதத்தையும் ரிச்சர்டு கெர்ன் ஒப்பிட்டு 1995இல் வெளியிட்டார். எழுத்துவழி விவாதத்தில் மாணவர் பங்கேற்ற முறைகள் இரு மடங்கிற்கு மேலாகவும், வாக்கியங்கள் இரண்டு முதல் நான்கு மடங்காகவும் மிகுந்தன. ஒருவர் எழுதுவது மற்றவர் எழுதுவதைத் தடுக்காமையே இதற்குரிய முதன்மைக் காரணம் எனலாம்.

3. இடர்

இலக்கணத் திருத்தமும் கருத்துத் தொடர்ச்சியும் இம்முறையில் குறைவதையும் கெர்ன் சுட்டினார். வினாவிற்கும் அதன் விடைக்கும் இடையே பிறர் கூற்றுகள் புகுவதால் இரண்டிற்கும் உள்ள அண்மை சிதைகிறது. எழுவாய் தொக்கு வரும் தமிழில் இவ்விடர் மிகுதி. மொழிபெயர்ப்பு வகுப்பில் நிகரன்கள் பலவற்றை ஆராயும்போது, 'பொருந்தாது' என ஒரு மாணவர் எழுதினால், எச்சொல் பொருந்தாது என்பது விளங்குவதில்லை.

4. தீர்வு

பலர் கூடி எழுதும் இன்றைய இணைய ஆவணங்களில், கருத்துக் குறிப்பை உரிய சொல்லுடனேயே பிணைக்க இயலும். மறுமொழிகளும் அதன்கீழ்த் தொடர்வதால் சுட்டுப்பொருள் மயங்குவதில்லை. எனவே நிகரன் தேர்வு போன்ற நுண்ணிய விவாதத்திற்கு இவ்வடிவமும், தயங்குவோரைப் பங்கேற்கச் செய்வதற்கு உடனடி உரையாடல் வடிவமும் ஏற்றவை.

எழுதியவை பதிவாக எஞ்சுவதால், அடுத்த வகுப்பில் அவற்றையே பாடமாகக் கொண்டு பிழைகளைத் திருத்தவும் வாய்மொழி விவாதத்தைத் தொடங்கவும் இயலும். முன்னரே தம் கருத்தை எழுதிய மாணவர் அப்போது சொல் தேடி நிற்க வேண்டுவதில்லை. எழுத்துவழி உரையாடல் வாய்மொழிக்கு மாற்று அன்று. அதற்கு முன்நிலையாக அமையத்தக்கது.