அளந்து விழும் அடி

கைத்தொலைபேசியின் சில்லுக்குள் பல நூறு கோடி திரான்சிற்றர்கள் இருக்கின்றன. அவற்றுக்கான நுண்ணிய பள்ளங்களைச் சிலிக்கனில் தோண்டுவதில் பெரும்பங்கு அயன்களுடையது. 1979இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் கோபர்ன், விண்டர்ஸ் இருவரும் சிலிக்கன் மீது செனன் இருபுளோரைட்டு வாயுவை மட்டும் விட்டுப் பார்த்தார்கள். அரிப்பு மிக மெதுவாக நடந்தது. ஆகன் அயன்களை மட்டும் பாய்ச்சினார்கள்; அதுவும் மெதுவே. இரண்டையும் சேர்த்துச் செலுத்தியதும் வேகம் பல மடங்கு எகிறியது. அயன்கள் நேர்கீழாக விழுவதால் பள்ளத்தின் அடிதான் ஆழமாகும், சுவர்கள் நிற்கும்.

அயன்கள் கொடுக்கும் அடி அளவோடு விழ வேண்டும். சக்தி குறைந்தால் வேலை நகராது. கூடினால் கீழேயுள்ள படை பழுதாகும். நுட்பமான வேலைக்குச் சில பத்து இலத்திரன்வோல்ற்று போதும். நினைவகச் சில்லுகளின் ஆழ்துளைகளுக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும்.

இதற்கான கலத்தில், குறைந்த அமுக்கத்தில் உள்ள வாயுவுக்கு இரு தகடுகள் வழியாக 13.56 மெகாஹேர்ட்ஸ் மீடிறனில் மின் கொடுப்பார்கள். வாயு அயன்களும் இலத்திரன்களும் கலந்த பிளாஸ்மாவாகும். வேகமாக மாறும் அந்த மின்னுக்கு இரண்டும் ஒரே மாதிரி ஆடுவதில்லை. வெருகல் ஆறு கடலில் விழும் முகத்துவாரத்தில் வலையின் மிதவை ஒவ்வொரு சிற்றலைக்கும் துள்ளும். சுமையேற்றிய வள்ளம் பெரிய அலைக்குத்தான் எழும்பும். இலத்திரன் அந்த மிதவை. அதைவிட ஏறத்தாழ 73,000 மடங்கு பாரமான ஆகன் அயன் அந்த வள்ளம். இலத்திரன்கள் முந்திக்கொண்டு தகட்டுக்கு ஓடிவிட, தகட்டை ஒட்டி இலத்திரன் குறைந்த மெல்லிய உறை உருவாகிறது. அங்குள்ள மின்புலம்தான் அயனைத் தகட்டை நோக்கி இழுத்து அடிக்க வைக்கிறது.

சிக்கல் இதுதான்: அயன்களின் எண்ணிக்கையைக் கூட்ட வலுவை ஏற்றினால், அடியின் பலமும் சேர்ந்தே ஏறும். இரண்டையும் பிரிக்க, 60 மெகாஹேர்ட்ஸ் போன்ற உயர் மீடிறனால் பிளாஸ்மாவை உண்டாக்கி, 2 மெகாஹேர்ட்ஸ் போன்ற தாழ் மீடிறனால் அயனை இழுத்தார்கள். தாழ் மீடிறன் அலையின் ஏற்ற இறக்கத்தை அயனும் உணரும். அதனால் சில அயன்கள் மெல்ல விழ, சில ஓங்கி விழுகின்றன.

2008இல் ஜேர்மனியின் போகும் நகரில் ஹைல், சார்நெட்ஸ்கி முதலியோர் 13.56உடன் அதன் சரி இரு மடங்கான 27.12 மெகாஹேர்ட்ஸைக் கலந்து, இரு அலைகளுக்கும் இடையிலான அவத்தையை மட்டும் மாற்றினால் போதும் என்று காட்டினார்கள். அயன்களின் எண்ணிக்கை அவ்வளவாக மாறாமலே அவற்றின் சக்தி மாறும். அமெரிக்காவின் விஸ்கொன்சினில் ஏமி வென்ட் குழு வேறு வழி பிடித்தது. சிலிக்கன் வில்லையில் சேரும் மின்னேற்றத்தை ஈடுசெய்யும்படி, குறுந்துடிப்பும் மெல்ல இறங்கும் சரிவுமாக அலையை அமைத்தார்கள். அயன்கள் அனேகமாக ஒரே பலத்துடன் விழுந்தன. வலுவைக் கூட்டிக் குறைத்து முடியாதது, அலையின் வடிவத்தை மாற்றியதும் முடிந்தது.